கழுவாத பிலிம்

"தம்பி, அண்டைக்கு நீங்கள் பிள்ளையளை ஒரு படம் பிடிச்சனீங்கள் எல்லோ... அந்தப் படம் எங்கை?"

ஸ்கந்தபுரத்தில் ஒரு மாமரத்தின் கீழ் என்னை இருத்தித் தேநீரும் தந்துவிட்டு, அந்த அக்கா கேட்ட கேள்வி இது. நான் அங்கே போயிருந்தது வேறு அலுவலாக. பழகிய வீடுகளை எட்டிப் பார்ப்போமே என்று அந்தப் படலையைத் திறந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது மட்டுமல்ல. 1997 இல் என் கழுத்தில் தொங்கிய கமராவும் நினைவில் இருந்தது.

அவருடைய மகன் 2009 ஏப்ரலில் மாத்தளன் பக்கம் பிரிந்து போனவன். அப்போது அவனுக்கு வயது 18. இன்றுவரை தகவல் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது இவரும் போய் இருந்திருக்கிறார். மற்றத் தாய்மார் தம் பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருக்க, இவர் மட்டும் ஒரு மட்டையில் பெயரை எழுதிப் பிடித்திருந்தாராம். வீட்டில் இருந்த அல்பம், பாடசாலைப் படம், பிறந்தநாட் படம் எல்லாம் இறுதிப் போரில் உடுப்புப் பையோடு போய்விட்டன. "முகம் மறந்து போகுமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார்.

அந்தப் படம் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அது யாழ்ப்பாணத்தில், என் அலுமாரியின் அடித்தட்டில், ஒரு பால்மா ரின்னுக்குள் கழுவப்படாத பிலிமாகவே கிடந்தது.

*

இளைய வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1996 யூலையில் 'சத்ஜய' படை நடவடிக்கை தொடங்கியதும் கிளிநொச்சி நகரம் வெறுமையாயிற்று. ஏற்கெனவே 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தவர்களும், கிளிநொச்சி மக்களும் ஒன்றாக அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காடும் வயலும் சூழ்ந்த குடியேற்றக் கிராமங்களுக்குள் இறங்கினார்கள். அதுவரை அமைதியாகக் கிடந்த ஸ்கந்தபுரம் சில கிழமைகளிலேயே ஒரு நகரத்தின் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டது. மரங்களின் கீழ்ப் பாடசாலைகள். கிடுகுக் கொட்டில்களில் கடைகள். மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடை. வீட்டுக்கு வீடு மலேரியா.

அந்தக் கடைகளுக்கிடையே ஒரு ஸ்ரூடியோவும் இருந்தது. நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு அண்ணை, இடம்பெயர்ந்தபோது பெருப்பிக்கும் கருவியை விட்டுவிட்டு, கமராவையும் கொஞ்ச மருந்தையும் மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். (படம் கழுவும் இரசாயனங்களை எங்கள் ஊரில் மருந்து என்றே சொல்வோம்.) அடையாள அட்டைக்கும் பாஸுக்கும் படம் வேண்டி ஆட்கள் அவரிடம் வருவார்கள். இரவில் போர்வைக்குள் கையை விட்டுப் பிலிமைச் சுற்றுவார். "எல்லாத்துக்கும் தட்டுப்பாடு தம்பி, இருட்டுக்கு மட்டும் இல்லை" என்பது அவருடைய வழக்கமான பகிடி.

அவர் சொன்ன ஒரு விடயம் அப்போது எனக்கு விளங்கவில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவுவதற்கு நூல்கள் சொல்லும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். எங்கள் கிணற்று நீரே 28 பாகையளவில் இருக்கும். ஐஸ் இல்லாத ஊரில் அதை எப்படிக் குளிர்விப்பது? மண்பானையில் நீரை ஊற்றி, ஈரச் சாக்கைச் சுற்றிக் காற்றில் வைப்பார். நாலைந்து பாகை இறங்கும். மிச்சத்துக்கு நேரத்தைக் குறைத்துச் சமாளிப்பார். மருந்து சூடாயிருந்தால் வேகமாக வேலை செய்யும் அல்லவா.

"கறுப்பு வெள்ளை குளிர் நாட்டுக்காரன்ரை வேலை தம்பி. கலர்தான் எங்களுக்குத் தோது. மருந்துதான் இல்லை" என்பார்.

அவர் சொன்னது முழு உண்மை. 1972 இல் கொடாக் நிறுவனம் அறிமுகப்படுத்தி, பின்னர் உலகம் முழுவதற்கும் பொதுவாகிப்போன சி-41 என்ற கலர் நெகற்றிவ் கழுவும் முறையில், முதல் மருந்தின் வெப்பநிலை 37.8 பாகை செல்சியஸ். பரனைற்றில் சொன்னால் சரியாக நூறு. உடம்பு அந்த அளவுக்கு வந்தால் அம்மாமார் காய்ச்சல் என்று சொல்லிப் படுக்க வைப்பார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் குளிர்காலக் குசினியில் அந்தச் சூட்டைப் பேணுவது பெரும்பாடு. வன்னியின் சித்திரை வெயிலில் அரைக் கேத்தில் சுடுநீர் போதும்.

அந்த அண்ணை கலர் மருந்தைக் காணாமலேயே, இறுதிப் போருக்கு முன்னர் காலமாகிவிட்டார்.

*

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

1997 இல் என்னிடம் இருந்தது ஒரேயொரு கலர் றோல். 36 படங்கள். சந்தையில் சிலவற்றை எடுத்தேன், மரத்தடிப் பள்ளியில் சிலவற்றை எடுத்தேன். கடைசியாக இந்த அக்காவின் வீட்டு முற்றத்தில் ஆறு வயது மகனையும் ஒன்பது வயது மகளையும் நிற்க வைத்து இரண்டு படம். வவுனியாவுக்கு அனுப்பிக் கழுவலாம் என்று யோசித்தேன். அந்த ஆண்டு மே மாதம் 'ஜெயசிக்குறு' தொடங்கிவிட்டது, பாதை இல்லை. இருந்தாலும், வன்னியில் எடுத்த பிலிமைச் சோதனைச் சாவடியூடாகக் கொண்டு போகும்படி யாரைக் கேட்பது? கறுப்பு டப்பாவுக்குள் போட்டு, ஈரம் பிடிக்காமல் வறுத்த அரிசியோடு பால்மா ரின்னில் வைத்து மூடினேன்.

2002 இல் போர் நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏ-9 வீதி திறந்தது. ரின்னும் என்னோடு யாழ்ப்பாணம் வந்தது. அந்த நான்கு வருடங்களில் கலர் லாப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு மணித்தியாலத்தில் கழுவித் தந்தார்கள். நான் கொடுக்கவில்லை. முதலில் பயம். பிறகு வேலை. பிறகு மறதி. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டபோது அந்த றோல் என் நினைவிலேயே இல்லை. தினமும் பிறருடைய அலட்சியங்களைப் பற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002 இல் கழுவி அந்த அக்காவிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தால், அதுவும் உடுப்புப் பையோடு முள்ளிவாய்க்காலுக்குப் போயிருக்கும். ஆனால் நெகற்றிவ் என்னிடம் இருந்திருக்கும். ஆகவே இதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

*

பிலிமில் வெளிச்சம் விழுந்த கணத்தில் உள்ளே ஒரு மாற்றம் நிகழ்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வெள்ளி உப்புத் துணிக்கைகளில் சில அணுக்கள் மாத்திரம் உலோக வெள்ளியாக மாறி நிற்கும். மருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் முழுப் படத்தையும் வெளிக் கொண்டுவரும். கழுவாமல் விட்டால் அந்தச் சுவடு மெல்ல மெல்ல மங்கும். வெயிலும் வெக்கையும் பிலிம் முழுவதிலும் ஒரு மூடுபனியைப் படியச் செய்யும்.

ஆனாலும் அது இலகுவில் சாவதில்லை. 1897 இல் பலூனில் வட துருவம் நோக்கிப் புறப்பட்டு மாண்டுபோன சுவீடன் நாட்டு அந்திரே குழுவினரின் எச்சங்கள் 1930 இல் ஒரு பனித் தீவில் கண்டெடுக்கப்பட்டன. 33 ஆண்டுகள் கிடந்த பிலிம்களை ஸ்ரொக்ஹோமில் ஜோன் ஹேட்ஸ்பேர்க் என்பவர் கழுவியபோது 93 படங்கள் மீண்டன. அது பனிக்குள் கிடந்தது, அதுவும் கறுப்பு வெள்ளை. என்னுடையது யாழ்ப்பாண வெக்கையில் கிடந்த கலர்.

கலர் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளுக்கென மூன்று படைகள் உண்டு. முதல் மருந்து வெள்ளியை உருவாக்கும்போதே, அதனருகே ஒவ்வொரு படையிலும் அதற்குரிய சாயமும் உருவாகும். இரண்டாவது மருந்து வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியேற்றிவிடும். எஞ்சுவது சாயம் மட்டுமே. மூன்று படைகளும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. ஆகவே பழைய கலர் பிலிமை மீட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தை மறந்துவிட்டு, அதைக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவி வெள்ளிப் படத்தையே எடுத்துக்கொள்வார்கள். நிறம் போகும். உருவம் தப்புவதற்கு வாய்ப்பு அதிகம்.

எதைச் செய்வது? ஒரு றோலை ஒரு முறைதான் கழுவலாம்.

அக்காவிடம் தொலைபேசியில் இதை விளக்கினேன். அமைதியாகக் கேட்டார். "கலரிலைதானே பிடிச்சனீங்கள்?" என்றார். ஓம் என்றேன். "அப்ப கலரிலை பாருங்கோ. ஆனா இஞ்சை கொண்டுவந்து கழுவுங்கோ. நான் பக்கத்திலை நிக்கோணும்." அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. தான் காணாத இடத்தில் நடக்கும் எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லாமற் போனதில் வியப்பில்லை.

*

கலர் கழுவுவது லாப்காரரின் இயந்திரத்துக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணுகிறோம். வீட்டிற் செய்வதற்கென்றே மருந்துப் பொதிகள் விற்பனைக்கு உள்ளன. தூளாகவோ திரவமாகவோ வரும். ஒரு லீற்றரில் ஏழெட்டுப் பிலிம் கழுவலாம். லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் எனக்குத் தூள் பொதிகள் இரண்டு கொண்டுவந்து தந்தார். கூடவே ஒளி புகாத சிறு தொட்டியும், கைகளை நுழைக்கும் இருட்டுப் பையும்.

அக்காவின் றோலைத் தொடுவதற்கு முன் புதுப் பிலிம் மூன்றை யாழ்ப்பாணத்தில் பாழாக்கிப் பழகினேன். முதலாவதில் இருட்டுப் பைக்குள் கை வியர்த்துப் பிலிம் சுருளியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் மருந்து 35 பாகைக்கு இறங்கியதைக் கவனிக்கவில்லை. படங்கள் மெலிந்து, நிறம் கெட்டு வந்தன. முதல் மருந்துக்கு மட்டும் வெப்பநிலை அவ்வளவு முக்கியம். கொடாக் அனுமதிக்கும் விலகல் 0.15 பாகைதான். மூன்றாவது றோல் சரியாக வந்தது. குசினிக்குள் நின்று ஐம்பது வயதைக் கடந்த மனிதன் ஒருவன் கைதட்டியதை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு சித்திரை நாளில் ஸ்கந்தபுரம் போனேன். அக்காவின் வளவில் ஒரு பெரிய சருவச்சட்டியில் நீர் நிரப்பி, கேத்திலில் கொதித்த நீரைக் கலந்து 38 பாகைக்குக் கொண்டுவந்தேன். மருந்துப் போத்தல்களை அதற்குள் நிறுத்தினேன். இலக்க வெப்பமானி என்னிடம் இருந்தது. இருந்தும் அக்கா உள்ளே போய்க் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியை எடுத்துவந்து தானும் நீரில் விட்டுப் பார்த்தார். "நூறு" என்றார். அவருக்குச் சரியான திருப்தி.

முழு றோலையும் ஒரேயடியாகப் போடுவது மடைமை. பிலிமின் தொடக்கத்தில் இருந்தவை சந்தைப் படங்கள். பிள்ளைகள் இருந்தது கடைசியில். இருட்டுப் பைக்குள் முதல் ஒரு சாண் அளவைக் கத்தரித்து அதை மட்டும் தொட்டியில் இட்டேன். முதல் மருந்து 3 நிமிடம் 15 செக்கன். ஊற்றியதும் அரை நிமிடம் புரட்டி, பின்னர் ஒவ்வோர் அரை நிமிடத்துக்கும் ஒரு தரம். அதன்பின் வெள்ளியை அகற்றும் கலவை 6 நிமிடம். இது வாயு விடும். மூடியைச் சற்றுத் தளர்த்தாவிட்டால் வெடித்துத் தெறிக்கும். கையுறை கட்டாயம். முதல் மருந்து தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரக்கூடும். பிறகு கழுவல். கடைசியாக நிலைப்படுத்தும் நீர்.

தொட்டியைத் திறந்தேன். கபில நிறமாய் ஒரு துண்டு. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். மூடுபனி கனமாகத்தான் இருந்தது. அதற்குள், மிக மெலிதாக, ஒரு தராசும் ஒரு குடையும்.

"ஏதும் தெரியுதோ?"

"தெரியுது அக்கா."

இனித் தீர்மானம் என்னுடையது. கூடுதல் நேரம் விட்டால் உருவம் தடிக்கும். மூடுபனியும் சேர்ந்து தடிக்கும். அரை நிமிடம் கூட்டுவது என்று முடிவெடுத்தேன். மீதிப் பிலிமைச் சுருளியில் ஏற்றும்போது, நாற்பது வருடப் பத்திரிகைக்காரர்களுக்கும் கை நடுங்கும் என்பதைத் தெரிந்துகொண்டேன் (எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்றாலும்). அக்கா பக்கத்தில் குந்தியிருந்தார். தொட்டியைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் அவருடைய உதடு அசைந்தது. கணக்கா, பிரார்த்தனையா என்று கேட்கவில்லை.

36 இல் 11 படங்களில் ஏதோ தெரிந்தது. பிள்ளைகளின் இரண்டு படங்களில் ஒன்றில் பையன் தலையைத் திருப்பிவிட்டான். மற்றதில் இருவரும் நேராக நிற்கிறார்கள்.

புழுதி ஒட்டாதிருக்க ஓர் அறையின் நிலத்தில் நீர் தெளித்து, கதவைச் சாத்தி, பிலிமை அங்கே தொங்கவிட்டோம். பின்னேரம், என் தொலைபேசியின் வெள்ளைத் திரைமேல் அதை விரித்து, கமராவால் படமெடுத்து, மடிகணினியில் நிறங்களைத் தலைகீழாக மாற்றினேன். நெகற்றிவ் பிலிம்களின் அந்தச் செம்மஞ்சள் அடிநிறம், சாயங்களின் குறையை ஈடுசெய்வதற்கென்றே வைக்கப்பட்டது. அதைக் கழித்துவிட வேண்டும். கழித்தும் நிறம் நேராகவில்லை. மாமர இலைகள் ஊதாவாகவும் மண் சாம்பலாகவும் தெரிந்தன. படம் முழுவதும் குறுணி. ஆனால் முகங்கள் இருந்தன. அவன் ஒரு கையால் அக்காளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறான்.

அந்தத் தாய் நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். விரலைத் திரையில் வைத்து, "இந்தச் சேட்டு நீலம். இதிலை மண் நிறமாக் கிடக்கு. கிளிநொச்சியிலை வாங்கினது, கழுத்திலை வெள்ளைக் கரை" என்றார். மகளின் றிபன் சிவப்பு என்றார். படலைக்குப் பச்சை அடித்திருந்தது என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். யாழ்ப்பாணம் திரும்பி, அவர் சொன்னபடி நிறங்களைத் திருத்தி, இரண்டு பிரதி அச்சிட்டு அனுப்பினேன். திருத்தாத ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்.

ஆறு வயதுப் பையனின் படம், 18 வயதில் காணாமற்போனவனைத் தேடும் கோப்புக்கு உதவுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த முறை கந்தசுவாமி கோவிலடிக்குப் போனபோது அதைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று தொலைபேசியில் சொன்னார்.

*

இதை எழுதுவது ஒரு வேண்டுகோளுக்காக. கனடாவிலோ, சுவிஸிலோ, கொழும்பிலோ, உங்கள் வீட்டு அலுமாரிகளில் அந்தக் காலத்துப் பிலிம் றோல் ஏதாவது கழுவாமற் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பழசு, பழுதாகியிருக்கும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். ஈரமில்லாத உறையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். விமானப் பயணத்தில் கைப்பையில் வைத்துக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள்; ஊடுகதிர் பழைய பிலிமை மேலும் மூடும். டப்பாவில் சி-41 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முந்திய தலைமுறைப் பிலிம்களுக்கு இந்த மருந்து ஆகாது. நீங்களே கழுவுவதானால், முதலில் புதுப் பிலிமில் பழகுங்கள், பிறகு ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். நிறம் முக்கியமில்லை, முகம் போதும் என்றால் கறுப்பு வெள்ளை மருந்தே பாதுகாப்பு. மீந்த மருந்தைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நான் கழுவியதை இரண்டு போத்தலில் அடைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன்.

ரின்னில் இன்னும் இரண்டு றோல் இருக்கின்றன. ஒன்றின் மேல் 'மல்லாவி 98' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மற்றதன் மேல் எதுவும் எழுதவில்லை. மிச்சம் இருக்கும் மருந்துப் பொதி அவற்றுக்குப் போதும். மழை தொடங்குமுன் கழுவிவிட வேண்டும்.